சைக்கிள் மூட்டும் அதற்கேற்ற நெருப்பும்

சைக்கிளில் ஏறிச் செல்வோருள் எத்தனை பேர் அதன் மூட்டுகளைக் குனிந்து பார்த்திருப்பர்? நானும் நெடுநாள் பார்த்ததில்லை. என் இருபதாவது வயதில் ஒருநாள் சரிவான சாலையில் இறங்கிக்கொண்டிருந்தபோது, முன் மூட்டை ஒட்டிக் கீழ்க்குழாய் அறுந்துபோயிற்று. சிராய்ப்புகளோடு தப்பினேன். அந்த மூட்டு சில மாதங்களுக்கு முன்புதான் ஒரு பட்டறையில் பற்றவைக்கப்பட்டிருந்தது. எழுந்து வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். பற்றவைத்த இடம் பாறைபோல் உறுதியாக இருந்தது. அதற்கு அரை விரற்கடை அப்பால் குழாய் அறுந்து கிடந்தது. பற்று நிலைத்திருக்க, அதன் அருகிலிருந்த நல்ல குழாய் அறுவானேன்? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோதுதான், சிறு பட்டறைகளில் தம் கையாலேயே சைக்கிள் செய்தவர்களின் வரலாறு எனக்கு அறிமுகமாயிற்று.

உருக்குக் குழாய்களை நெருப்பால் இணைக்கும் முறைகள் இரண்டு. ஒன்று வெல்டிங், அதில் குழாயின் விளிம்புகளே உருகி ஒன்றோடொன்று கலக்கின்றன. மற்றொன்று பிரேசிங்; அதில் குழாய் உருகுவதில்லை. அதனினும் குறைந்த சூட்டில் உருகும் பித்தளையோ வெள்ளிக் கலவையோ இடையே பாய்ந்து இரண்டையும் பிணைக்கின்றது. நம் பொற்கொல்லர் வெங்காரம் தடவிப் பொடி வைத்து ஊதுகின்றாரல்லவா? அதுவும் இவ்வினத்தைச் சேர்ந்த வேலையே. உருக்கு உருக ஏறத்தாழ 1,500 பாகை சென்டிகிரேடு சூடு வேண்டும். பித்தளைக்கு 900 பாகையளவு போதும். வெள்ளிக் கலவைகள் பலவற்றுக்கு 600 முதல் 700 பாகையே போதும். நான் சொல்லப்போகும் வரலாறு முழுவதும் இந்த எண்களுக்குள் அடங்கியிருக்கின்றது.

1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ரோவர் என்னும் சைக்கிளை உருவாக்கினார். இரு சக்கரமும் ஏறக்குறைய ஒத்த அளவின. பின் சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும். இன்றைய சைக்கிளுக்கு அதுவே முன்னோடி. அதே காலத்தில் ஜெர்மனியில் மானெஸ்மான் சகோதரர்கள் தையலற்ற உருக்குக் குழாய் செய்யும் வழியைக் கண்டனர். குழாய் வந்தது, அதை இணைப்பது எப்படி? மூலைதோறும் ஓர் உருக்கு உறையை வைத்து, அதனுள் குழாய் முனைகளைச் செருகி, வெங்காரமும் பித்தளையும் இட்டு உலையில் சூடேற்றினர். உறைக்கும் குழாய்க்கும் இடையே மயிரிழை அளவே இடைவெளி இருக்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, உருகிய பித்தளை அவ்விடைவெளியில் தானே ஏறிப் பரவும். ஒரு விளிம்பில் ஊட்டிய பித்தளை மறு விளிம்பில் பொன்வரையாகத் தோன்றுமாயின், அது உள்ளே பாய்ந்தது என்பதற்குக் கண்கண்ட சான்று.

இம்முறை எளியோர்க்கும் கைவந்தது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள், 1896-ஆம் ஆண்டு முதல் தாமே சைக்கிள் செய்து விற்றனர். பட்டறைக் கருவிகளைச் சுழற்றும் எந்திரத்தையும் தாமே அமைத்துக்கொண்டனர். 1903-இல் வானில் பறந்த அக்கைகள் சைக்கிள் பட்டறையில் பழகிய கைகளே என்பதை உலகம் அறியும்.

இனி, இரண்டு மாற்றங்கள் எதிரெதிர்த் திசையில் நடந்தன. ஒன்று, குழாய் மெலியத் தொடங்கியது. 1897-ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரத்து ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸும் அவர் கூட்டாளி ஒருவரும், முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் உள்ள குழாய்க்குக் காப்புரிமை பெற்றனர். மூட்டில்தான் வலிமை வேண்டும்; நடுவில் எதற்கு வீண் கனம் என்பது அவர்கள் கருத்து. மற்றொன்று, நெருப்பு வெப்பமேறத் தொடங்கியது. 1892-இல் கால்சியம் கார்பைடைத் தொழில்முறையில் ஆக்கும் வழி கிடைத்தது. அதில் நீர் பட்டால் அசெட்டிலீன் வாயு எழும். அவ்வாயுவைப் பிராணவாயுவோடு கலந்து எரிக்கும் கைவிளக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருவாயிற்று. அதன் சுடர் 3,000 பாகைக்கும் மேற்பட்டது. உருக்கையே நீராக உருக்கவல்லது.

மெலிந்த குழாயும் கடுஞ்சுடரும் சந்தித்தால் என்ன ஆகும்? 1935-ஆம் ஆண்டில் ரெனால்ட்ஸ் நிறுவனம் 531 என்னும் மாங்கனீசு–மாலிப்டினம் உருக்குக் குழாயை வெளியிட்டது. அந்நிறுவனத்தை 1928-இலேயே வாங்கியிருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமமே, பின்னர் 1949-இல் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள் தொழிலை நம் சென்னையில் தொடங்கியது. 531 குழாய் சில இடங்களில் அரை மில்லிமீட்டர் தடிப்பே உடையது. ஆயினும் வலிமை மிக்கது. அவ்வலிமை, ஆலையில் அதை இழுத்தும் பதப்படுத்தியும் ஊட்டிய வலிமை. அளவு மிஞ்சிய சூடு அதைக் கெடுத்துவிடும். ஆகவே, பித்தளையோ வெள்ளியோ கொண்டு மிதமான சூட்டில் இணைப்பதே 531-க்கு உரிய முறையாக வழங்கி வந்தது.

என் வினாவுக்கு விடை இங்கேதான் கிடைத்தது. என் வண்டியின் குழாயைக் கடுஞ்சுடர் நெடுநேரம் சுட்டது. பற்று உறுதியாயிற்று, பக்கத்துக் குழாயோ பதம் இழந்தது. உறுதியான இடத்திற்கும் பதம் இழந்த இடத்திற்கும் நடுவே, ஒவ்வொரு குலுக்கலிலும் அழுத்தம் குவிந்தது. அறுந்தது அவ்வெல்லையே.

ஆயின், வெல்டிங் தீது, பிரேசிங் நன்று என்று முடிவு கட்டிவிடலாகாது. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நார்த்ராப் விமானத் தொழிற்சாலையில் ரஸ்ஸல் மெரெடித் என்பவர், டங்ஸ்டன் ஊசியின் முனையில் மின்பொறி எழுப்பி, ஹீலியம் வாயு சூழ அதைக் காத்துப் பற்றவைக்கும் முறையை உருவாக்கினார். பின்னாளில் ஆர்கான் வாயுவும் பயன்பட்டது. பட்டறையார் டிக் வெல்டிங் என்பது இதைத்தான். சூடு ஓர் ஊசிமுனை அளவில் குவிவதால் பக்கத்துக் குழாய் அதிகம் வேகாது. குரோமியம்–மாலிப்டினம் கலந்த உருக்கு இதற்கு நன்கு இசைந்தது. 1995-இல் அதே ரெனால்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட 853 குழாயோ, பற்றவைத்தபின் காற்றில் ஆறும்போது மூட்டருகே வலிமை கூடும் இயல்புடையது. 1970-களில் வந்த 753 குழாயோ இதற்கு நேர்மாறு. அதை வெள்ளிக் கலவையால் மட்டுமே இணைக்கலாம். மாதிரி மூட்டு ஒன்றைச் செய்து அனுப்பித் தேர்ச்சி பெற்ற கைவினைஞர்க்கே அக்குழாயை விற்றனர். ஒரே நிறுவனத்தின் இரு குழாய்கள். ஒன்று விரும்பும் நெருப்பு மற்றொன்றுக்குப் பகை.

ஆதலால், வீட்டுப் பட்டறையில் சைக்கிள் செய்ய விரும்பும் இளைஞர் "எந்தக் கருவி வாங்கலாம்?" என்று என்னைக் கேட்பின், "எந்தக் குழாய் வாங்கினீர்?" என்றே நான் திருப்பிக் கேட்பேன். முதன்முதலாகச் செய்வோர்க்கு மூட்டுறையும் பித்தளையும் வெங்காரமும் ஏற்றவை. புரோப்பேன் வாயுவைப் பிராணவாயுவோடு எரிக்கும் விளக்கு அதற்குப் போதும். ஆனால் அது உருக்கை வெல்டிங் செய்ய உதவாது. அசெட்டிலீன் இரண்டுக்கும் உதவும். எனினும் அது கோபம் மிக்க வாயு. அழுத்தம் மிஞ்சினால் தானே வெடிக்கவல்லது. அதனால்தான் உருளையினுள் அதை அசெட்டோனில் கரைத்து வைக்கின்றனர். டிக் கருவி விலை மிகுந்தது. கையும் கண்ணும் நெடுநாள் பழக வேண்டியது. எதைக் கொண்டாலும், காற்றோட்டமுள்ள இடமும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். பழைய வெள்ளிக் கலவைகள் சிலவற்றில் காட்மியம் உண்டு. அதன் புகை உயிருக்கே உலை வைக்கும்.

இறுதியாக ஒன்று. புதிய வண்டியில் ஏறுமுன், வேண்டாத குழாய்த் துண்டுகள் இரண்டை அதே நெருப்பால் இணைத்து, இடுக்கியில் பிடித்து வளைத்து ஒடித்துப் பாருங்கள். பிறகு அறுத்து உள்ளேயும் பாருங்கள். பித்தளை எங்கும் பரவியிருக்கின்றதா, குழாய் கருகியிருக்கின்றதா என்பதை அத்துண்டு பொய்யின்றிச் சொல்லும். மேசைமேல் ஒடிகின்ற மூட்டு நமக்கு ஆசிரியர். சரிவில் ஒடிகின்ற மூட்டு அப்படியன்று. அதை நான் சாலையில் விழுந்து கற்றேன். நீங்கள் பட்டறையிலேயே கற்றுக்கொள்ளலாம்.