மூன்று டன்னுக்கு எழுபது கிலோ குறைவு

ஜப்பானில் சரக்கு லாரியின் கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே நிறுத்தியிருக்கும் சின்ன கிரேன்கள் பலவற்றில் 2.93 டன் என்று எழுதியிருக்கும். முழுசாக மூன்று என்று வைத்திருக்கலாமே என்று தோன்றும். காரணம் அந்த நாட்டின் 1972-ஆம் வருடத்துக் கிரேன் பாதுகாப்பு விதிகளில் இருக்கிறது. 3 டன்னும் அதற்கு மேலும் தூக்கும் நடமாடும் கிரேனுக்கு அரசின் ஆய்வுச் சான்று வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் வேண்டாம். யூனிக், தடானோ போன்ற கம்பெனிகள் எழுபது கிலோவை விட்டுக்கொடுத்து அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டன.

சான்று வேண்டாம் என்பதற்காக யாரும் எப்படியும் ஓட்டலாம் என்று அங்கே விடவில்லை. 1 டன்னிலிருந்து 5 டன்னுக்குள் தூக்கும் கிரேனை இயக்குகிறவர் தனிப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். கொக்கியில் சுமையைக் கட்டிவிடுகிறவருக்கும் தனியாகப் பயிற்சி உண்டு. ஒயர் ரோப்பில் ஒரு முறுக்கு நீளத்துக்குள் நூற்றுக்குப் பத்து இழை அறுந்திருந்தாலோ, ரோப்பின் கனம் நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் தேய்ந்திருந்தாலோ, அதைக் கழித்துப் போட வேண்டும். இதை என் அக்கா மகன் செல்போனில் பார்த்து எனக்குப் படித்துச் சொன்னபோது நெஞ்சை அடைத்தது. நான் கிணறு வெட்டும் கிரேனில் பிரேக் பிடித்துப் பிழைத்தவன்.

தர்மபுரி மாவட்டத்தில் எங்கள் ஏரியூர்ப் பக்கம் தாத்தா காலத்தில் பளு தூக்கியது மாடு. கவலை ஓட்டுவது என்போம். கிணற்று மேட்டில் உருளை, வடக்கயிறு, வால்கயிறு, சால். மாடு வாரியில் இறங்க இறங்க, தண்ணீர் மேலே ஏறும். 1934-இல் மேட்டூர் அணை நிறைந்தபோது ஆற்றோரத்து ஊர்கள் நீருக்குள் போயின. தண்ணீர் வற்றும் கோடையில் அக்கரையில் பண்ணவாடி நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுவதை நாகமரைப் பரிசல்துறையில் நின்று எத்தனையோ பேர் பார்த்திருக்கிறோம். ஆற்றங்கரை வண்டலை இழந்தவர்கள் மேட்டுக்கு ஏறினார்கள். மேடெல்லாம் பாறை. கண்ணெதிரே 93 டி.எம்.சி. கொள்ளும் அணை நீர் கிடக்க, சொந்தக் காட்டுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் பாறையைத்தான் குடைய வேண்டும்.

குடைந்தார்கள். உளி, சம்மட்டி, வெடி. உடைந்த கல்லைப் பெண்கள் கூடையில் வைத்துப் படியேறிக் கொண்டுவந்தார்கள். நாற்பதடி, ஐம்பதடி ஆழம் வரைக்கும் அது ஓடியது. ஆழம் கூடியதும் கிரேன் வந்தது. லாரியில் வரும் கிரேன் அல்ல இது. கிணற்று விளிம்பில் பூட்டும் இரும்புச் சட்டம். பின்பக்கம் சாய்ந்துவிடாமல் கருங்கல் அடுக்கிப் பாரம் வைப்போம். நடுவில் சுற்றும் தூண், அதிலிருந்து நீளும் கை, அதன் நுனியில் கப்பி. டீசல் இன்ஜின் ஒன்று பெல்ட் வழியாக டிரம்மைச் சுற்ற, ஒயர் ரோப்பில் இரும்புத் தொட்டி ஏறி வரும். விளிம்பைத் தாண்டியதும் கையை ஒரு ஆள் தள்ளித் திருப்பிக் கல்லைக் கொட்ட வேண்டும். இறங்கும்போது இன்ஜினுக்கு வேலையில்லை, தொட்டி தன் பாரத்திலேயே இறங்கும். அதைப் பிடித்து நிறுத்துவது பிரேக் லீவரில் இருக்கும் என் கை மட்டும்.

அந்தத் தொட்டியில்தான் ஆளும் இறங்குவார். காலையில் தொட்டியின் விளிம்பில் நின்று ரோப்பைக் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று பேர் ஒன்றாக இறங்குவார்கள். கல் ஏற்றத்தான் செய்த எந்திரம், ஆள் ஏற்ற அல்ல. ஆனால் வேறு வழியும் இருக்காது. ரோப்பு எப்போது மாற்றுவது என்பதற்கு எங்களிடம் ஓர் அளவும் கிடையாது. இழை பிரிந்து கையைக் குத்த ஆரம்பித்தால் கழிவு ஆயில் தடவுவோம். ஒரு முனை கெட்டால் அதை வெட்டிவிட்டுக் கிளாம்பு போட்டு மறுபடி ஓட்டுவோம். ரோப் அறுந்து கிணற்றுக்குள் ஆட்கள் இறந்தார்கள் என்ற செய்தி தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்துப் பேப்பரிலும் வந்துகொண்டே இருக்கிறது. பக்கத்து ஊர்க் கிணறு ஒன்றில் நானே அதைப் பார்த்தேன். அன்று லீவரில் இருந்தது நான் அல்ல, ஆனாலும் அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, தூக்கும் எந்திரத்தையும் சங்கிலியையும் கயிற்றையும் 12 மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ள ஆள் சோதிக்க வேண்டும் என்றது. காட்டுக் கிணறு தொழிற்சாலை இல்லை. அந்தச் சட்டம் சேலம் மில்லோடு நின்றுவிட்டது, எங்கள் விளிம்புக்கு வரவே இல்லை.

பிறகு ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி வந்தது, திருச்செங்கோட்டிலிருந்து. ஒரே ராத்திரியில் ஐந்நூறு அடி, ஆயிரம் அடி. கிணற்றுக் கிரேன்களில் பாதி பழைய இரும்புக்குப் போயின. ஆழத்திலிருந்து தண்ணீரோடு புளோரைடும் வந்தது. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு மூட்டு வலி. ஜப்பான் கடனுதவியில் 1,928 கோடி ரூபாய்க்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் காவிரித் தண்ணீர் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் குழாய்களில் ஏறியது. குடிப்பதற்கு ஆற்று நீர் என்றானது. காட்டுக்கு இன்னும் போர்தான். முக்காலியும் செயின் பிளாக்கும் வைத்துப் போருக்குள் மோட்டாரை இறக்குவதும் பழுதானால் ஏற்றுவதும் எனக்கு அடுத்த பிழைப்பானது.

இங்கேதான் அக்கா மகன் வருகிறான். மலேசியாவில் கிள்ளான் பக்கம் கிரேன் லாரியில் சுமை கட்டும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். அவன் ஏறி இறங்கியதெல்லாம் ஜப்பானில் ஓடி முடிந்து கப்பலேறி வந்த வண்டிகள். "மாமா, முக்காலி, செயின் பிளாக்கெல்லாம் எதுக்கு? ஜப்பான் பழைய வண்டி ஒண்ணு கெடச்சா ரெண்டு பேரே ஒரு நாளைக்கு மூணு போர் பாத்துடலாம்" என்றான்.

வண்டி நல்ல வண்டிதான். தடானோ 1948-இல் தகமத்சு நகரத்தில் தொடங்கிய கம்பெனி, ஜப்பானின் முதல் ஹைட்ராலிக் லாரிக் கிரேனை 1955-இல் செய்தது. அதன் சக்தி 2 டன். இத்தனை பழைய வண்டிகள் நல்ல நிலையில் வெளியே வந்ததற்குப் புகை ஒரு முக்கியக் காரணம். 1999-இல் தோக்கியோ ஆளுநர் இஷிஹாரா டீசல் கரியை பாட்டிலில் அடைத்து எல்லார் முன்னும் குலுக்கிக் காட்டினார். 2003 அக்டோபரிலிருந்து தோக்கியோவிலும் அக்கம்பக்க மூன்று மாகாணங்களிலும் கரி அளவுக்கு அடங்காத டீசல் லாரி ஓடக்கூடாது என்றானது. ஓட வலுவுள்ள வண்டிகள், இருந்த இடத்தில் ஓட முடியாமல் துறைமுகத்துக்குப் போயின. இலங்கைக்கு 1977-க்குப் பிறகே இப்படி ஜப்பான் பழைய வண்டிகள் வரத் தொடங்கியிருந்தன. கிரேன் லாரியை அங்கே நம் ஆட்கள் பூம் ட்ரக் என்கிறார்கள்.

இந்தியாவில் அந்தக் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கிறது. பழைய மோட்டார் வண்டி இறக்க வேண்டுமென்றால் தயாரித்து 3 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும் என்று விதி. பெரிய கட்டுமானக் கிரேன்கள் கதை வேறு. ஏரியூரில் மோட்டார் தூக்குகிறவன் வாங்கக்கூடிய பதினைந்து வயது வண்டி இங்கே இறங்காது.

ஆனால் ஜப்பான் வேறு வாசல் வழியாக முன்பே வந்துவிட்டது என்று அவனுக்குச் சொன்னேன். 1980-களில் டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மஸ்டா, ஐச்சர் மிட்சுபிஷி என்று நான்கு கூட்டுக் கம்பெனிகள் சின்ன லாரி செய்தன. ஐச்சர் கேன்டர் 1986-இல் பீதம்பூரில் ஓட ஆரம்பித்தது. அதே வருடம் டாடா 407 போட்டிக்கு வந்தது. டொயோட்டாவும் நிசானும் அந்தப் பெயரில் நிலைக்கவில்லை. ஐச்சர் இன்றைக்கும் பென்னாகரம் ரோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு போகிறது. பழைய ஐச்சரில் நம் பட்டறைக் கிரேனைப் பூட்டினால் உதிரிக்கும் அலைய வேண்டாம்.

அதற்கு முன் எதைத் தூக்கப் போகிறோம் என்று கணக்குப் போட்டோம். 1,000 அடி போரில் ஒன்றேகால் இஞ்ச் ஜி.ஐ. பைப் 50. இருபதடி பைப் ஒன்று சுமார் 19 கிலோ, ஆக 950 கிலோ. உள்ளே நிற்கும் தண்ணீர் சுமார் 300 கிலோ. மோட்டார், கேபிள் சேர்த்தால் ஒன்றேகால் டன்னைத் தாண்டும். 2.93 டன் கிரேனுக்கு இது ஒரு பொருட்டில்லை என்று தோன்றும். அந்த எண் கிரேனின் கையான பூமைச் சுருக்கித் தூணுக்குப் பக்கத்தில் தூக்கும்போதுதான். வேலியும் வாய்க்காலும் தாண்டிப் பூமை நீட்ட நீட்ட அது மளமளவென்று இறங்கிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, மோட்டார் சேற்றிலோ சரிந்த கல்லிலோ சிக்கியிருப்பது. அப்போது நீங்கள் இழுப்பது பைப்பின் எடையை அல்ல, பூமியை. முக்காலியில் செயின் இழுக்கும்போது கைக்கே அது தெரிந்துவிடும். ஹைட்ராலிக் லீவரில் விரல் வைத்திருப்பவனுக்கு அந்த உணர்வு வராது, பூம் வளைந்த பிறகுதான் தெரியும். சில்லறை வேலைக்கு என்று வாங்கும் சின்ன கிரேன்கள் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். அதனால் பழைய கிரேன் எதைப் பார்த்தாலும் முதலில் பூமின் அடிப்புறத்தில் வெல்டிங் ஒட்டு இருக்கிறதா, கேபினுக்குப் பின்னால் சேஸில் விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொன்னேன். பிறகு தூணை ஆட்டிப் பார்ப்பது, ஊன்றுகால்களை இறக்கிவிட்டு அரை மணி கழித்து அவை தானாக உள்ளே வாங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பது. இன்ஜின் சத்தம் கடைசியில். இன்ஜினை எந்த மெக்கானிக்கும் சரி செய்வார்.

அவன் ஐச்சரே வாங்கினான். கிரேன் செகண்ட் ஹேண்ட், ரோப் மட்டும் கடையில் வெட்டிய புது ரோப். மாதா மாதம் வெர்னியர் வைத்து அதன் கனத்தை அளக்கிறான். 10 மி.மீ. ரோப் 9.3-ஐத் தொட்டால் மாற்றிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சிக்கிய மோட்டாருக்கு இன்னும் முக்காலிதான் இறக்குகிறோம். நெருப்பூர், பெரும்பாலை, நாகமரை வரைக்கும் மோட்டார், கம்பம், பலகைக்கல் என்று வரும் வேலைக்கு இந்த வண்டி போதும். மூணு டன் வருமா என்று யாராவது கேட்டால், ஹைட்ரா கிரேனைக் கூப்பிட்டுக்கோங்க என்று சொல்லிவிடுகிறான்.