செனாவாங் தோட்டக் குடியிருப்பு: நிலமும் நோயும் அமைத்த வடிவம்

சிரம்பானுக்குத் தென்கிழக்கே அமைந்துள்ள செனாவாங், இன்று தொழிற்பேட்டையாலும் வீடமைப்புத் திட்டங்களாலும் அறியப்படுகிறது. இவ்வட்டாரத்தின் பெரும்பகுதி முன்னர் இரப்பர்த் தோட்டமாக இருந்தது. இத்தகைய தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்த சிறு குடியிருப்புகள் இயற்கையோடு இயைந்து தாமாக வளர்ந்தவை என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. அதனை நாம் ஏற்பதற்கில்லை.

தோட்டத்தை அறிந்தோர்க்கு அதன் அமைப்பு நன்கு தெரியும். மேட்டில் துரையின் பங்களா. அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள். தாழ்நிலத்தில், ஓடைக்கோ கிணற்றுக்கோ அருகில், லயங்கள். நிலத்தின் ஏற்ற இறக்கம் பதவியின் ஏற்ற இறக்கத்தோடு ஒத்திருந்தது. எனினும், இதனை அதிகார வேட்கை ஒன்றாலேயே விளக்கிவிட இயலாது. நீரருகே குடிவைப்பது நிருவாகத்திற்குச் செலவு குறைந்த வழியாகவும் இருந்தது.

அச்சிக்கனமே உயிர்களைப் பலிகொண்டது. 1901இல் கிள்ளானில் மருத்துவப் பணியைத் தொடங்கிய மால்கம் வாட்சன், கரையோரச் சதுப்புகளில் காட்டை அழித்து வடிகால் வெட்டியபோது மலேரியா தணிந்ததைக் கண்டார். ஆனால், நெகிரி செம்பிலானின் பல தோட்டங்களைப் போன்ற குன்றுப்பகுதிகளில் அம்முறை எதிர்விளைவையே தந்தது. காடு அழிந்து வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில்தான் அனோபிலிஸ் மாகுலேட்டஸ் என்னும் கொசு பெருகியது. இரப்பர் நடுவதற்காக மரங்களை வெட்டிய கைகளே, தம்மையறியாமல் நோய்க்கும் இடம் அமைத்தன. ஓடைகளை நிலத்தடிக் குழாய்களுள் செலுத்துதல், நீரில் எண்ணெய் தெளித்தல், லயங்களைப் பள்ளத்தாக்குகளிலிருந்து விலக்கி அமைத்தல் ஆகியன பின்னர்த் தீர்வுகளாயின. 1911இல் வாட்சன் வெளியிட்ட நூல் இவ்வரலாற்றுக்கு முதன்மையான சான்றாகும். அந்நூலின் நோக்கு மருத்துவ நோக்கு என்பதையும் நாம் மறத்தலாகாது. ஓடையில் நீர் மொண்ட பெண்ணின் கூற்று அதில் இடம்பெறவில்லை.

ஆகவே, பிற்காலத்தில் நாம் கண்ட ஒழுங்கான வரிசைகள் அழகு கருதி அமைந்தனவல்ல; காய்ச்சலும் சட்டமும் அமைத்தவை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளியையும், 1966ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் குறைந்தபட்ச வீட்டுத் தரத்தையும் வலியுறுத்தின. இச்சட்டங்கள் எந்த அளவுக்குச் செயற்பட்டன என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டது.

தொழிற்சாலைகளும் வீடமைப்புகளும் இரப்பர் நிலத்தை எடுத்துக்கொண்டபோது லயங்களும் மறைந்தன. செனாவாங் தோட்டத் தமிழ்ப்பள்ளி மட்டும் அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. இக்காலத்து வீடமைப்பு விளம்பரங்கள் குன்றையும் நீர்நிலையையும் சிறப்பாகக் காட்டி விலை கூறுகின்றன. நீரோரத்தில் வாழ்வது ஒரு காலத்தில் இங்கு எத்தகைய இடருக்கு உரியதாக இருந்தது என்பதை வாங்குவோர் அறியார்.

மேட்டு லயம், பள்ளத்து லயம் எனத் தோட்ட மக்கள் வழங்கிய இடப்பெயர்கள் நில அளவைப் படங்களில் இடம்பெறுவதில்லை. அவற்றை அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். பழைய தோட்டப் படங்களை அவர்கள்முன் விரித்து, எந்த லயம் எந்த ஓடைக்கருகில் நின்றது என்பதைக் கேட்டுக் குறிக்கும் பணியை நம் துறை மாணவர்கள் உடனே தொடங்கவேண்டும்.