சுயஸ் போரும் பத்திரிகைத் தலைப்புகளும்

நாவுலச் சந்தியிலுள்ள கடைகளில் நாளிதழ்களைக் கயிற்றிலே தொங்கவிடுவர். பேருந்துக்குக் காத்திருப்போர் தலைப்பை மட்டும் வாசித்துச் செல்வர். அத்தலைப்பின் சொல்லே நினைவில் நிலைக்கின்றது. காலப்போக்கில் வரலாற்றின் பெயராகவும் ஆகிவிடுகின்றது. இதற்கு 1956ஆம் ஆண்டின் சுயஸ் நிகழ்ச்சி தக்க சான்றாகும்.

அவ்வாண்டு யூலை 26இல் எகிப்திய அதிபர் நாசர் சுயஸ் கால்வாய்க் கம்பனியை நாட்டுடைமையாக்கினார். ஒக்டோபர் 29இல் இஸ்ரேல் சினாய்மீது படையெடுத்தது. பொருதுவோரைப் பிரித்து வைப்பதற்கென்று கூறிக்கொண்டு பிரித்தானியாவும் பிரான்சும் 31இல் குண்டுவீசத் தொடங்கின. நவம்பர் 5இல் படையிறக்கின. இம்மூன்று நாடுகளும் பிரான்சிலுள்ள செவ்ர் என்னுமிடத்தில் முன்னரே இரகசியமாகக் கூடித் திட்டமிட்டிருந்தன என்பது பின்னரே வெளிப்பட்டது.

பிரித்தானியப் பிரதமர் ஈடன் இதனைப் போர் என ஒப்பவில்லை; ஆயுத மோதல் என்றே நாடாளுமன்றத்தில் கூறினார். அந்நாட்டுப் பத்திரிகைகளும் ஒரே குரலிற் பேசவில்லை. டெய்லி எக்ஸ்பிரஸ் அவரை ஆதரித்தது. ஒப்சேவரும் மான்செஸ்டர் கார்டியனும் வன்மையாக எதிர்த்தன. ஆயினும் ஆங்கிலத்தில் நிலைத்த பெயர் ‘சுயஸ் நெருக்கடி’ என்பதே. எகிப்தியரோ அதனை ‘முத்தரப்பு ஆக்கிரமிப்பு’ என்பர்.

இவ்விரு பெயர்களையும் ஒப்புநோக்குவோமாக. ‘ஆக்கிரமிப்பு’ என்றவுடன் ஆக்கிரமித்தவர் யாவர் என்ற வினா எழுகின்றது. ‘முத்தரப்பு’ என்பது அதற்கு விடையளிக்கின்றது. ‘நெருக்கடி’ என்னும் சொல்லிலோ செய்தவரும் இல்லை, செய்யப்பட்டவரும் இல்லை. புயலும் வெள்ளமும் போல அது தானே வந்ததெனத் தோன்றுகின்றது.

இந்நிகழ்ச்சி நமக்குத் தொலைவானதும் அன்று. மாத்தளை மலைகளின் தேயிலை அக்கால்வாய் வழியாகவே இலண்டன் சென்றது. 1957 ஏப்ரல் வரை அவ்வழி அடைபட்டுக் கிடந்தது. பண்டாரநாயக்க அரசு படையெடுப்பைக் கண்டித்தது. 1956 நவம்பர் 2இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 64 வாக்குகளுக்கு எதிர் 5 என்ற நிலையிற் போர்நிறுத்தம் கோரியது. அவ்வாறிருந்தும் தமிழில் நாம் இன்றும் ‘சுயஸ் நெருக்கடி’ என்றே எழுதுகின்றோம்.

தலைப்பிடுவோரைக் குறைகூறல் எளிது. செவ்ர் இரகசியத்தை அன்றிரவு அச்சுக்கோத்தவர் அறிந்திருக்க இயலாது. அவருக்கிருந்த இடமும் சில சொற்களுக்கே. ஆனால் வரலாற்று மாணவருக்கு அத்தகைய அவசரம் இல்லை.

1983 யூலையில் மாத்தளை நகரிலும் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. வெளிநாட்டுப் பத்திரிகைகள் பல அதனைக் ‘கலவரம்’ என்றன. நாமும் பலவேளைகளில் அவ்வாறே எழுதுகின்றோம். அச்சொல்லிலும் செய்தவர் இல்லை. எனவே, பிறர் நாட்டுத் துயராயினும் நம்முடையதாயினும், செய்தவர் யாவர், துன்புற்றவர் யாவர் என்று கேட்ட பின்னரே அதற்குப் பெயரிடுதல் நம் கடனாகும்.