மகரக்கட்டைத் தாண்டியவர்கள்

சங்கரன்கோவிலை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். தென்மேற்கே செங்கோட்டை, எஸ்.ஜி.கிட்டப்பாவின் ஊர். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டி, 1867-இல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்த ஊர். வடகிழக்கே விருதுநகரை ஒட்டி ஆமத்தூர், வி.கே.ராமசாமியின் ஊர். தாமிரபரணிப் பக்கம் போனால் வல்லநாடு, டெல்லி கணேஷின் ஊர். இத்தனை நடிகர்கள் பிறந்த இந்தக் கரிசல் சீமையில், பழைய நாடக மேடைகளைப் பற்றி நமக்கு எப்படித் தெரிய வந்தது என்பதுதான் இந்த வாரச் சங்கதி.

சர்க்கார் ஆவணங்களைப் பார்த்து அது தெரிய வரவில்லை. நடிகர்கள் வயதான பிறகு உட்கார்ந்து நினைத்து எழுதியதால்தான் தெரிந்தது. அவற்றில் முதலில் வைக்க வேண்டியது அவ்வை தி.க.சண்முகம் 1972-இல் வெளியிட்ட ‘எனது நாடக வாழ்க்கை’. அடுத்த ஆண்டே அவர் காலமானார். அந்தப் புத்தகம் ஊரிலிருக்கும் உறவுக்காரருக்கு எழுதிய நீளமான கடிதம் போலவே நம்மிடம் பேசும்.

1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் அண்ணன்மாரோடு சேர்ந்தபோது சண்முகத்துக்கு ஆறு வயது. பெரிய நடிகர்கள் எழுதிக் கொடுத்த பாடத்தை விட்டுவிட்டு மேடையில் இஷ்டத்துக்குப் பேசியது சுவாமிகளுக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் பையன்களைச் சேர்த்து கம்பெனி நடத்த வந்தார். அந்தச் சிறுவனுக்காகவே அவர் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்ததைச் சண்முகம் சொல்லும் இடத்தை நான் எத்தனை முறை படித்தாலும் சிலிர்ப்பு அடங்குவதில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், விடிவதற்குள் பாட்டும் வசனமுமாக முழு நாடகத்தையும் எழுதி வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த ஒரு பையன் ஐம்பது ஆண்டு கழித்து எழுதாமல் விட்டிருந்தால், இந்த இரவு சுவாமிகளோடேயே 1922-இல் புதுச்சேரியில் மறைந்திருக்கும்.

பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகளுக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு, மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும். நேற்று வரை கட்டையைத் தூக்கிப் பாடிய ராஜபார்ட் என்ற கதாநாயக வேஷம் போட்ட பையனுக்கு இன்று சுருதி நிற்காது. பாட்டே நாடகம் என்றிருந்த காலம் அது. குரல் திரும்பி வராவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும், இல்லையென்றால் பபூன், மந்திரி, கிழவன் என்று கிடைத்த வேஷத்தைப் போட வேண்டும். நம் குணச்சித்திர நடிப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. பாட்டு கைவிட்டபோது வசனத்தையும் நடையையும் முக அசைவையும் நம்பியவர்கள் இவர்கள். ஆமத்தூர் ராமசாமி 1947-இல் ‘நாம் இருவர்’ படத்தில் கிழவராக வந்தபோது அவருக்கு இருபத்தொரு வயதுதான். கம்பெனியில் பழகாமல் அந்த வயதில் அந்த முதுமை வாய்க்காது.

இவர்களின் நினைவுக்குத் தனி மதிப்பு உண்டு. கதாநாயகன் தன் கைதட்டலை நினைவில் வைத்திருப்பான். துணை வேஷக்காரரோ பாதி நேரம் திரைக்குப் பக்கத்தில் நின்றே காலம் கழித்தவர். ஆர்மோனியப் பெட்டிக்காரர் யார், அரிதாரம் பூசியவர் யார், வசூல் இல்லாத ஊரில் கம்பெனி வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ராமசாமி ‘எனது கலைப் பயணம்’ எழுதினார். டெல்லி கணேஷும் ‘பிள்ளையார் சுழி’ என்று தன் வாழ்க்கையை எழுதி வைத்துவிட்டே 2024 நவம்பரில் போனார். 1996-இல் வந்த ‘அவ்வை சண்முகி’யில் அவர் நடித்தார். அந்தத் தலைப்பே, படத்தின் நாயகன் கமல்ஹாசனைச் சிறுவயதில் தன் குழுவில் சேர்த்து வளர்த்த சண்முகத்துக்குச் செய்த மரியாதை. பால சபையில் தொடங்கிய கண்ணி அதுவரைக்கும் நீண்டிருக்கிறது.

புத்தகம் போட்டவர்கள் சிலர்தான். ஓர் இரவுக்கு மட்டும் நடிகர்களைக் கூட்டி நடத்தும் ஸ்பெஷல் நாடகத்தில் விடிய விடிய நின்றவர்களில் பெரும்பாலோர் தங்கள் நினைவுகளை மகனுக்கோ பழைய சகாவுக்கோ கார்டில், இன்லேண்டு லெட்டரில் எழுதியதோடு சரி. சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்தில் அப்படிப்பட்டவர்களின் பேரன் பேத்திகளும் இருப்பார்கள். வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய நாடக நோட்டீஸோ, தாத்தாவின் கையெழுத்தில் ஒரு கடிதமோ அகப்பட்டால் பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டுவிடாதீர்கள். சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. இப்படிப்பட்ட தாள்களைக் காப்பதே அவர்கள் வேலை. அங்கே கொடுங்கள். கொடுக்க மனமில்லையென்றால் ஒரு நகலாவது எடுக்கவிடுங்கள்.