உழவர் உதவித் திட்டங்கள் (சமயபுரம் வட்டாரம்)

திருச்சிராப்பள்ளி மாவட்டம் மண்ணச்சநல்லூர் வட்டத்திலுள்ள சமயபுரம், ச. கண்ணனூர் பேரூராட்சியைச் சேர்ந்தது. கொள்ளிடத்துக்கு வடக்கே அமைந்த இந்த வட்டாரத்தின் முதன்மைப் பயிர்கள் நெல்லும் வாழையும். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகள் பேர்பெற்றவை.

2019இல் தொடங்கிய பிரதமரின் கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் செலுத்துகிறது. பட்டா தன் பெயரில் இல்லாத குத்தகை உழவருக்கு இது கிடைப்பதில்லை. காவிரிப் படுகையில் இது பெருங்குறை. பம்புசெட்டுகளுக்கு மாநில அரசு இலவச மின்சாரம் வழங்குகிறது.

இளைஞர்களை உழவில் நிறுத்தும் முயற்சிகளே இன்று கூடுதல் கவனத்துக்குரியவை. 2002இல் வந்த மத்திய அரசின் வேளாண் மருந்தக, வணிக மையத் திட்டம் வேளாண் பட்டதாரிகளுக்கு 45 நாள் பயிற்சியும், மானியத்துடன் கடனும் தருகிறது. தமிழகத்தின் 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கை, வேளாண் பட்டதாரிகள், பட்டயதாரர்களைக் கொண்டு 1,000 ‘முதல்வரின் உழவர் நல சேவை மையங்கள்’ அமைக்க 30 விழுக்காடு மானியம் அறிவித்தது. விதை, உரம் விற்பதோடு பயிர் ஆலோசனையும் சொல்வது இவற்றின் பணி.

துணைநிற்கும் நிறுவனங்களும் அருகிலேயே உள்ளன: நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரி, சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையம், 1993இல் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம். திசு வளர்ப்புக் கன்று முதல் வாழைநார்ப் பொருள்கள் வரை கடைசியாகச் சொன்ன மையத்தில் கற்கலாம்.