புளோரன்சு நகரத் தொழிற்கணங்களும் சிற்பக் கலையும்

இத்தாலிய மறுமலர்ச்சியைப் பற்றி எழுதுவோர் புளோரன்சு நகரின் பெயரோடு மெடிச்சிக் குடும்பத்தாரின் பெயரையும் உடன்சேர்த்துக் கூறுதல் பெருவழக்கு. செல்வக் குடும்பம் ஒன்று வாரி வழங்கியது, கலை தழைத்தது என்பது மாணவர் மனத்தில் எளிதிற் பதியும் கதை. எனினும் ஆண்டுகளை நிரல்பட வைத்து நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழாமற் போகாது. கொசிமோ தெ மெடிச்சி நாடுகடத்தப்பட்டு மீண்டு வந்து, நகரின் அரசியலைத் தம் செல்வாக்கிற்கு உட்படுத்தியது 1434 ஆம் ஆண்டிலாகும். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே கிபெர்ட்டி வார்த்த முதலாவது வெண்கலக் கதவு ஞானஸ்நானக் கோயிலில் ஏற்றப்பட்டுவிட்டது. தொனாத்தெல்லோவின் புனித மாற்கும் புனித ஜோர்ஜும் தத்தம் மாடங்களில் நின்றன. பேராலயத்தின் பெருங் குவிமாடமும் பெரும்பகுதி எழுந்திருந்தது. இவற்றுக்குப் பொருள் வழங்கியவர் யாவர்?

கம்பளி நெய்விப்போரும், பட்டு வணிகரும், நாணய மாற்றுவோரும், சணற்றுணி விற்போரும், சப்பாத்துத் தைப்போரும், கவசம் அடிப்போருமே அவர். புளோரன்சிலே அரசு ஏற்றுக்கொண்ட தொழிற்கணங்கள் இருபத்தொன்று இருந்தன. அவற்றுள் ஏழு பெருங்கணங்கள், பதினான்கு சிறுகணங்கள். கணமொன்றில் இடம்பெறாதவன் நகரின் ஆட்சிப் பதவியை எய்துதல் இயலாது. கலைஞருக்கெனத் தனிக்கணம் இருக்கவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஓவியர் மருத்துவரோடும் மருந்து வணிகரோடும் ஒரே கணத்தில் இருந்தனர். பொற்கொல்லர் பட்டு வணிகர் கணத்தைச் சார்ந்தனர். கற்சிற்பியர் கொத்தருடனும் தச்சருடனும் சேர்த்து எண்ணப்பட்டனர். ஆகவே அந்நகரில் கலைஞன் என்பான் செல்வர் வாயிலில் நின்று பாடிப் பரிசில் பெறுபவன் அல்லன். கணக்கும் காலக்கெடுவும் வைத்து வேலை ஏற்கும் தொழிலாளனே ஆவான்.

பொதுக் கட்டடங்களைப் பேணும் பொறுப்பு கணங்களிடையே பங்கிடப்பட்டிருந்தது. அயல்நாட்டுத் துணிகளில் வாணிகம் நடத்திய கலிமாலா என்னும் பெருங்கணம் ஞானஸ்நானக் கோயிலைப் பராமரித்தது. 1331 முதல் பேராலயக் கட்டடவேலை கம்பளிக் கணத்தின் மேற்பார்வையில் நடைபெற்றது. பின்னர் 1419 இல், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லத்தைப் புரூனெலெஸ்கி வகுத்த அமைப்பிற்கேற்பக் கட்டத் தொடங்கியது பட்டு வணிகர் கணம்.

1401 ஆம் ஆண்டில் கலிமாலா அறிவித்த போட்டி புகழ்பெற்றது. அதற்கு முந்திய ஆண்டிலே கொள்ளைநோய் நகரைத் தாக்கியிருந்தது. மிலான் கோமகன் சன் கலெயாற்சோ விஸ்கொந்தியின் படைகள் புளோரன்சை நெருக்கிக்கொண்டிருந்தன. இத்தகைய காலத்திலேதான் அவ்வணிகர் கோயிலுக்கு இரண்டாவது வெண்கலக் கதவு வேண்டுமெனத் தீர்மானித்தனர். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட முற்படும் காட்சியைப் புடைப்புச் சிற்பமாக வார்த்தல் வேண்டும் என்பது விதி. இறுதிச் சுற்றில் ஏழு பேர் நின்றனர். அவர்க்கு ஓராண்டுத் தவணையும் வேண்டிய உலோகமும் அளிக்கப்பட்டன. தீர்ப்பளிக்க அமர்ந்தோர் முப்பத்துநால்வர் என்றும், அவர் ஓவியரும் சிற்பியரும் பொற்கொல்லருமாய்ப் புளோரன்சிலிருந்தும் அயலூர்களிலிருந்தும் வந்தோர் என்றும் கிபெர்ட்டி தாமே எழுதிவைத்துள்ளார்.

வெற்றி கிபெர்ட்டிக்குக் கிட்டியது. எல்லாரும் ஒருமனதாகத் தமக்கே பரிசளித்தனர் என்பது அவர் கூற்று. புரூனெலெஸ்கியின் வரலாற்றை எழுதிய மனெத்தியோ, இருவரும் சமமெனக் கண்டு வேலையைப் பங்கிட்டுக் கொடுக்க நடுவர் முன்வந்ததாகவும், புரூனெலெஸ்கி மறுத்து ஒதுங்கியதாகவும் உரைக்கின்றார். ஒருவர் வென்றவர், மற்றவர் தோற்றவரின் அன்பர். இரு கூற்றையும் அவ்வளவில் வைத்தே மதித்தல் வேண்டும். நற்பேறாக அவ்விருவர் வார்த்த தகடுகளும் அழியாது பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிபெர்ட்டியின் தகடு பெரும்பாலும் ஒரே வார்ப்பாக அமைந்தது. எடையில் மற்றதினும் ஏறக்குறைய 7 கிலோகிராம் குறைந்தது. இருபத்தெட்டுத் தகடுகள் கொண்ட கதவுக்கு வேண்டும் வெண்கலத்தின் விலையை வணிகர் மனத்துள் கணக்கிட்டிருப்பர் என்று கருதினால், அது அவர்க்கு இழுக்காகாது.

1403 இல் எழுதப்பட்ட உடன்படிக்கை ஆண்டுக்கு மூன்று தகடுகளை முடித்துத் தரக் கேட்டது. வேலை பிந்தியது. 1407 இல் உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டபோது, சம்பளத்திற்கு வேலைசெய்யும் எவனையும் போல வேலைநாள் முழுவதும் கிபெர்ட்டி தம் கையாலேயே உழைத்தல் வேண்டும் என்றும், உழையாத நேரம் குறிக்கப்படும் என்றும் கடுமையான நிபந்தனைகள் சேர்க்கப்பட்டன. ஆயினும் கதவு ஏற்றப்பட்டது 1424 இலேதான். ஒப்பந்தத்தில் இத்துணைக் கண்டிப்புக் காட்டிய கணம் நடைமுறையில் இருபதாண்டுகளுக்கு மேல் பொறுத்திருந்தது. அடுத்த கதவையும் போட்டியின்றி அவருக்கே கொடுத்தது. அது முற்றுப்பெற 1452 ஆயிற்று. மைக்கலாஞ்சலோ சுவர்க்க வாயில் எனப் போற்றியதாகக் கூறப்படுவது இவ்விரண்டாவது கதவையே.

தொழிற்கணங்களின் முயற்சியை ஒருங்கே காணத்தக்க இடம் ஓர்சன்மிக்கேலே ஆகும். 1337 இல் கட்டத் தொடங்கப்பட்ட இது தானியச் சந்தையாகவும் வழிபாட்டிடமாகவும் விளங்கியது. இதன் புறச்சுவரிலுள்ள மாடங்களில் தத்தம் காவற் புனிதரின் உருவத்தை நிறுவும்படி கணங்களுக்கு 1339 இல் இடம் ஒதுக்கப்பட்டது. ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மாடங்கள் பல வெறுமையாகவே கிடந்தன. ஆகவே 1406 இல் நகராட்சி ஓர் ஆணை பிறப்பித்தது: பத்தாண்டுகளுள் ஒவ்வொரு கணமும் தன் மாடத்தை நிரப்புதல் வேண்டும், தவறின் உரிமை போய்விடும். கலையார்வம் தானே பொங்கிப் பெருகிற்று என எழுதுவோர் இவ்வாணையைச் சற்று நினைதல் நன்று.

ஆணைக்குப் பின் போட்டி மூண்டது. சணற்றுணி விற்போர் 1411 இல் தொனாத்தெல்லோவை அமர்த்திப் புனித மாற்கை வடிப்பித்தனர். சிலை தரையில் இருந்தபோது அதன் அளவுகள் அவர்களுக்குப் பிடிக்கவில்லையாம். மாடத்தில் ஏற்றித் திருத்தித் தருவதாகச் சொல்லித் திரையிட்ட தொனாத்தெல்லோ, பதினைந்து நாட்கள் உளி தொடாதிருந்து திரையை நீக்க, எல்லாரும் வியந்து பாராட்டினர் என்கிறார் வசாரி. கதை மெய்யோ பொய்யோ, கீழிருந்து காண்பார் கண்ணுக்கென அளந்து செதுக்கப்பட்ட உருவம் அது என்பதை அச்சிலை இன்றும் காட்டும். கவசம் செய்வோர்க்குக் கிடைத்த மாடமோ, சுவரினுள்ளே படிக்கட்டு அமைந்தமையால் ஆழம் குறைந்தது. அவ்வாழமற்ற மாடத்துக்கே தொனாத்தெல்லோ புனித ஜோர்ஜைச் செதுக்கினார். உருவம் உள்ளடங்காது வீதியை நோக்கி நிற்பது போலத் தோன்றுகிறது. கொத்தரும் தச்சரும் தம் கணத்துக்கு நன்னி தி பாங்கோவைக்கொண்டு நான்கு மறைச்சாட்சியரின் உருவங்களை ஒரே மாடத்தில் நிறுவினர். அதன் அடியில், சிற்பியர் வேலைசெய்யும் காட்சியும் செதுக்கப்பட்டுள்ளது.

சிறுகணங்கள் சலவைக்கல்லோடு அமைந்தன. வெண்கலத்துக்கு அதனினும் பன்மடங்கு செலவாகும். 1412 அளவில் கலிமாலா, ஸ்நாபக யோவானை ஆளுயரத்துக்கு மேற்பட்ட வெண்கல உருவமாக வார்க்கக் கிபெர்ட்டியைக் கேட்டது. அத்துணைப் பெரிய வார்ப்பு அந்நகரத்தார் செய்து பழகாதது. வார்ப்புப் பிழைத்தால் நட்டம் கிபெர்ட்டியையே சாரும் என ஏற்பாடாயிற்று. அது பிழைக்கவில்லை. 1419 இல் நாணய மாற்றுவோர் தம் புனித மத்தேயுவை அவரிடமே ஒப்புவித்து, கலிமாலாவின் யோவானுக்கு உயரத்தில் குறையலாகாது என எழுத்தில் வாங்கிக்கொண்டனர். அவ்வேலையைக் கண்காணித்த குழுவில் கொசிமோ தெ மெடிச்சியும் ஒருவராக இருந்தார். அப்பொழுது அவர் கணத்துக்குக் கட்டுப்பட்ட ஓர் உறுப்பினரேயன்றிப் புரவலர் அல்லர். 1425 இல் கம்பளிக் கணத்தார் கூடி, மற்றைய இரு கணங்களின் உருவங்களும் தம்முடையதை விஞ்சி நிற்பதைப் பேசி, கல்லில் இருந்த தம் புனித ஸ்தேவானை அகற்றிவிட்டு வெண்கலத்தில் புதிது வார்க்கத் தீர்மானித்தனர். அயலான் வாயிற்கதவைக் கண்டு தன் கதவை மாற்றும் மனிதவியல்பே இது. ஆயினும் அதனால் நகருக்கு விளைந்த நன்மை சிறிதன்று.

பேராலயத்துக்கோ நகரத்தார் அனைவரும் பொருள் தந்தனர். நகராட்சிக் கருவூலத்தினின்று வெளிச்செல்லும் ஒவ்வொரு லிராவிலும் நான்கு தெனாரியும், ஆண்மகன் ஒவ்வொருவரிடமும் ஆண்டுக்கு இரண்டு சோல்டியும் அதற்கென அறவிடப்பட்டன என வில்லானி குறித்துள்ளார். குவிமாடத்துக்கு 1418 இல் மாதிரிகள் கோரப்பட்டன. 1420 இல் வேலை தொடங்கிற்று. 1434 இல் ஒரு விந்தை நிகழ்ந்தது. குவிமாடம் முடிவுறும் தறுவாயில், உறுப்பினர் கட்டணம் செலுத்தவில்லை என்று கூறிக் கொத்தர் கணம் புரூனெலெஸ்கியைச் சிறையிலிடுவித்தது. பேராலயக் கட்டடக் குழுவினர் சினந்து தலையிட்டுச் சில நாட்களுள் அவரை விடுவித்தனர்.

இவ்வமைப்பில் இடமே பெறாதவரையும் மறத்தலாகாது. கம்பளிக் கணத்தின் செல்வம் கம்பளியைக் கழுவிச் சிக்கெடுத்த கூலியாளரின் உழைப்பால் வந்தது. அவர்க்குக் கணம் அமைக்கும் உரிமை இல்லை. 1378 இல் அவர் கிளர்ந்தெழுந்து மூன்று புதிய கணங்களை ஏற்படுத்தினர். அவற்றுள் மிக எளியோரின் கணம் சில வாரங்களுள் ஒழிக்கப்பட்டது. மற்றையன 1382 இல் மறைந்தன. ஓர்சன்மிக்கேலேயில் அவர்களுக்கு மாடம் இல்லை.

1504 ஜனவரியில் மைக்கலாஞ்சலோவின் தாவீதை எங்கு நிறுத்துவது என ஆராய முப்பதுபேர் அளவில் அழைக்கப்பட்டனர். லியொனார்டோவும் பொத்திச்செல்லியும் இருந்த அவையிலே குழலூதுவோரும் பூத்தையல் வேலைக்காரரும் தம் கருத்தைக் கூறினர். மே மாதம் நான்கு நாட்களாக அச்சிலை வீதி வழியே இழுத்துச் செல்லப்பட்டபோது இரவில் அதன்மீது கல்லெறிந்தோரும் உளர்.

1530 இல் குடியரசு வீழ்ந்து கோமகன் ஆட்சி நிலைபெற்றது. 1563 இல் வசாரியின் முயற்சியாலும் முதலாம் கொசிமோவின் ஆதரவாலும் கலைஞர்க்கெனக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. 1571 இல் அதன் உறுப்பினர் தொழிற்கணங்களில் சேரவேண்டிய கடப்பாட்டினின்று விலக்கப்பட்டனர். கொத்தர்க்குக் கட்டணம் செலுத்தும் தொல்லை ஒழிந்தது. ஆனால் வேலை தரும் வாயிலும் பெரும்பாலும் கோமகனின் அரண்மனை ஒன்றே ஆயிற்று. ஓர்சன்மிக்கேலே மாடங்களில் இறுதியாக வைக்கப்பட்டது நீதிபதிகள், பத்திரம் எழுதுவோர் ஆகியோரின் கணத்துக்காகச் சம்போலோஞ்ஞா வார்த்த புனித லூக்கா. பழைய கற்சிலையை நீக்கி 1602 இல் அதனை அங்கு நிறுத்தினர்.