சாதிக்குப் போட்ட கவசம்

இங்கிலாந்தின் தென்பகுதியில் பிராக்கன்ஹர்ஸ்ட் என்று ஒரு ஊர். அங்குள்ள செயின்ட் நிக்கோலஸ் சர்ச் கல்லறைத் தோட்டத்தில் சுக்கா என்பவரைப் புதைத்திருக்கிறார்கள். பரேலி நகரத்துக்காரர். மேத்தர் சாதி, அதாவது பீ அள்ளுவதற்கென்றே ஒதுக்கிவைத்த சாதி. முதல் உலகப்போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக அந்த ஊரில் நடந்த லேடி ஹார்டிஞ்ச் ஆஸ்பத்திரியில் ஊழியம் பார்த்தார். 1915 ஜனவரியில் நிமோனியா கண்டு செத்துப்போனார். முப்பது வயசு.

பொணத்தை என்ன செய்வது என்று சிக்கல் வந்தது. தீண்டத்தகாதவன், எங்களோட எரிக்கக்கூடாது என்றார்கள் இந்துக்கள். வோக்கிங் பள்ளிவாசல் பக்கம் கேட்டபோது, முஸ்லிம் இல்லையே என்று பதில் வந்தது. கடைசியில் ஊர்ப் பாதிரியார்தான் தன் சர்ச் தோட்டத்தில் இடம் கொடுத்தார். ஊர்ஜனங்கள் காசு போட்டுக் கல் நட்டார்கள்.

இந்தக் கதையை மாணவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் சொன்னேன். பொணம் எரிக்க மறுத்த கொடுமையைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு பொண்ணு எழுந்து, "அண்ணே, குளிர்லதான செத்திருக்காரு, உடம்புக்குப் போட்டுக்க அவங்களுக்கெல்லாம் என்ன குடுத்தாங்க?" என்றது. செத்தபிறகு நடந்ததையே பேசிக்கொண்டிருந்த எனக்கு, உயிரோடு இருந்தபோது அந்த உடம்பை எது மூடியிருந்தது என்று கேட்கத் தோன்றவே இல்லை.

சிப்பாய்க்கு என்ன கிடைத்தது என்பதிலிருந்து தொடங்குவோம். 1914 செப்டம்பர் 26-ல் லாகூர் டிவிஷன் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் இறங்கியது. போட்டிருந்தது வெப்பநாட்டுக்குத் தைத்த காக்கிப் பருத்தி உடுப்பு. அடுத்த மாசமே பெல்ஜியத்தில் ஈப்ரு பக்கத்துப் பதுங்குகுழிகளில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். முழங்கால் அளவு சேறு, நவம்பரில் பனி. கம்பளி உடுப்புகள் குளிர் தொடங்கியபிறகு கொஞ்சங்கொஞ்சமாகத்தான் வந்து சேர்ந்தன. ஈரத்திலேயே நின்று நின்று கால் அழுகியவர்கள் உண்டு. எறிகுண்டு இல்லாமல் காலி ஜாம் டப்பாக்களில் வெடிமருந்து அடைத்துத் தாங்களே செய்துகொண்டார்கள்.

1915 ஏப்ரல் 22-ல் ஜெர்மானியர்கள் அதே ஈப்ருவில் குளோரின் புகையைத் திறந்துவிட்டார்கள். நாலு நாள் கழித்து, ஏப்ரல் 26-ல், லாகூர் டிவிஷனை அந்த இடத்திலேயே தாக்குதலுக்கு அனுப்பினார்கள். புகை மறுபடி வந்தது. முகமூடி யாரிடமும் இல்லை. தலைப்பாகை முனையையோ கைக்குட்டையையோ தண்ணீரில், அது இல்லாவிட்டால் மூத்திரத்தில் நனைத்து மூக்கைப் பொத்திக்கொள்வதுதான் அன்றைக்கிருந்த பாதுகாப்பு. அந்த நாளில் புகைக்குள் நின்று அதிகாரிகளைத் தூக்கிவந்ததற்காக விக்டோரியா சிலுவை பெற்ற மீர் தஸ்த் என்ற ஜமேதார், அதன்பிறகு உடம்பு தேறவே இல்லை. பதக்கம் இருந்தது, நுரையீரல் போய்விட்டது.

இனி இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். காயம்பட்டவர்களை பிரைட்டன் நகரத்து ராயல் பெவிலியன் அரண்மனையில் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். அங்கே சாதிக்கும் மதத்துக்கும் தக்கபடி ஒன்பது சமையல்கட்டு. இந்துக்களுக்கு ஒரு தண்ணீர்க்குழாய், முஸ்லிம்களுக்கு ஒரு குழாய். இந்து, சீக்கியர் பொணங்களை எரிக்க ஊருக்கு வெளியே மேட்டில் தனி இடம். இதில் நல்லெண்ணமும் இருந்தது, மறுக்கவில்லை. தீட்டுப்பட்டால் சிப்பாய் கலகம் செய்வான் என்ற 1857-ன் பயமும் இருந்தது. எதுவானாலும், சாதிக்குக் கவசம் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது. உடம்புக்கு வரவேண்டியதுதான் தாமதமாகிப்போனது.

எம்.ஏ. படிக்கும்போது பதிற்றுப்பத்து வகுப்பில் 'மெய்ம்மறை' என்ற சொல்லுக்கு ஒருநாள் முழுக்க விளக்கம் கேட்டோம். வீரர்களின் உடம்பைக் காக்கும் கவசம்போன்றவன் என்று சேரனைப் புகழ்வது. அதே போர்க்களத்தில் பறையும் துடியும் முழக்கிக்கொண்டு நின்றவனின் உடம்பை எது மறைத்தது என்று வாத்தியாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் அப்படி நின்றவனுக்கு 'ஃபாலோயர்' என்று பேர். கூடப் போகிறவன். தண்ணீர் சுமக்கும் பிஷ்டி, கக்கூஸ் அள்ளும் மேத்தர், துணி துவைப்பவர், தோல் தைப்பவர், சமையல்காரர், காயம்பட்டவர்களை டோலியில் தூக்கும் கஹார். முதல் உலகப்போருக்கு இந்தியாவில் சேர்த்த 14 லட்சம் பேரில் 5 லட்சத்து 63 ஆயிரம் பேர் இப்படி ஆயுதமில்லாமல் போனவர்கள். குண்டு விழுகிற இடத்தில்தான் இவர்களும் வேலை பார்த்தார்கள். சம்பளம், ரேஷன், உடுப்பு, அடிபட்டால் தரும் பென்ஷன் எல்லாவற்றிலும் சிப்பாய்க்கு ஒருபடி கீழே. அவர்களுக்குள்ளும் மேல் ஃபாலோயர், கீழ் ஃபாலோயர் என்று அடுக்கு. மேத்தர் எந்த அடுக்கில் இருந்தார் என்று சொல்லவேண்டியதில்லை. சிப்பாய்க்கே பருத்திச் சட்டை என்றால், உடுப்பில் அவனுக்கும் கீழே வைக்கப்பட்டவருக்கு என்ன மிஞ்சியிருக்கும்? அந்தப் பொண்ணு கேட்டதற்கு இதுதான் பதில்.

சிப்பாயாகச் சேர்ந்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 'வீர இனம்' என்ற கொள்கையைக் கொண்டுவந்து, மகர்களை இனிமேல் பட்டாளத்தில் சேர்ப்பதில்லை என்று 1892-லேயே கதவைச் சாத்திவிட்டார்கள். அம்பேத்கரின் அப்பா சுபேதாராக இருந்த சாதிக்கே அந்தக் கதி. ஆள் பஞ்சம் வந்தபிறகு, 1917-ல்தான் 111-வது மகர் படையை உண்டாக்கினார்கள். போர் முடிந்ததும் கலைத்தும்விட்டார்கள்.

மெசபடோமியாவில், இன்றைய இராக்கில், நிலைமை இன்னும் மோசம். 1915 நவம்பரில் டெசிபோன் சண்டையில் காயம்பட்டவர்களை ஸ்பிரிங் இல்லாத சாமான் வண்டிகளில் போட்டு ஆற்றங்கரைவரை குலுக்கிக்கொண்டு வந்தார்கள். எலும்பு முறிந்தவனை அந்த வண்டியில் ஏற்றினால் என்ன ஆகும் என்று மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். மருந்தில்லை, படகில்லை, போதுமான கம்பளி இல்லை. சிக்கனம் பிடித்த இந்திய சர்க்கார்தான் பொறுப்பு என்று 1917-ல் விசாரணைக் கமிஷன் அறிக்கை கிழித்தது. லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த ஆஸ்டின் சேம்பர்லின் ராஜினாமா செய்தார்.

குட் நகரத்தில் 147 நாள் முற்றுகை. குதிரைக்கறி தவிர வேறில்லை என்ற நிலை வந்தபோதும் சிப்பாய்கள் பலர் தொடவில்லை. சாப்பிடலாம் என்று இந்தியாவிலிருந்து மதத்தலைவர்களின் அனுமதியை வாங்கிச் சொல்லியும், ஊரில் தள்ளிவைத்துவிடுவார்கள் என்ற பயம் போகவில்லை. பல் ஈறு வீங்கி ஸ்கர்வியில் விழுந்தார்கள். அந்த முற்றுகைக்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஃபாலோயர்களும் பட்டினி கிடந்தார்கள். 1916 ஏப்ரல் 29-ல் சரணடைந்தபோது அவர்களும் கைதிகள்தான். கைதியாகும்போது மட்டும் சிப்பாய்க்குச் சமம்.

துப்புரவு வேலைக்கு அந்தப் போர்முனைக்கு ஆள் கிடைக்காமல்போனதும் சர்க்கார் ஜெயில்களைத் திறந்தது. தண்டனைக் குறைப்பு ஆசைகாட்டி 1916-லிருந்து ஆயிரக்கணக்கான கைதிகளைக் கப்பலேற்றியது.

வெள்ளைக்காரன் செய்தது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 1962 அக்டோபரில் நாம்கா சூ ஆற்றங்கரையில், இமயமலைக் குளிரில், பருத்தி உடுப்போடு நம் சிப்பாய்களை நிறுத்தியவர்கள் டெல்லிக்காரர்கள். அங்கே பிரிகேடியராக இருந்து சீனர்களிடம் சிறைப்பட்ட ஜான் தால்வி 1969-ல் புத்தகமே எழுதினார். 2009-ல் அனுமதித்த 1 லட்சத்து 86 ஆயிரம் குண்டு துளைக்காத சட்டைகளுக்கு 2018-ல்தான் ஒப்பந்தம் போட்டார்கள். தேசபக்திக்கு மட்டும் டெண்டர் தேவைப்படுவதில்லை.

சுக்காவின் கல்லில், நாடு வீடு சிநேகிதர்களை விட்டுவந்து எளிய ஊழியனாகச் சேவை செய்தவர் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு மேத்தரின் பேரை ஊர்ப்பேரோடு கல்லில் வெட்டிய அந்தக் கிராமத்தாரை நான் மரியாதையோடுதான் நினைக்கிறேன்.

நம் பக்கத்திலும் கல்வெட்டுகள் இருக்கின்றன. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-19 பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இங்கிலீஷில் வெட்டிய சலவைக்கல். எண்ணிக்கை மட்டும்தான், பேர் கிடையாது. வேலூர்ப் பக்கம் தன் சொந்த ஊரிலும் ஒன்று இருப்பதாக அந்தப் பொண்ணு சொன்னது.

"அந்த எண்ணிக்கையில கூடப் போனவங்களையும் சேத்தாங்களா அண்ணே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், சேரியில் இருக்கிற கிழவிகளிடம் வீடு வீடாகக் கேட்டு எழுதி வருவதாகச் சொல்லி நோட்டை மூடிக்கொண்டது.